சிவப்பணுவுக்குள் இருக்கும் காவல் நொதிகள்: எங்கே தவறு செய்கிறோம்?

சிகரெட்டை விட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், அதற்குள் ரத்தப் பரிசோதனை செய்து ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளை (ஆக்ஸிஜனேற்றச் சேதத்திலிருந்து சிவப்பணுவைக் காக்கும் புரதங்களை) அளந்து பார்த்துவிட்டு "ஒன்றுமே மாறவில்லையே" என்று சிலர் மனம் உடைந்துபோகிறார்கள். இந்த அவசரம்தான் முதல் தவறு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, புதிதாகப் புரதம் செய்துகொள்ள வழியும் கிடையாது. எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்பும்போது கையில் இருந்த நொதிகளை வைத்துக்கொண்டுதான் சுமார் 120 நாள் ஓட்டியாக வேண்டும், அதிலும் நாளாக ஆக அவை தேய்ந்துகொண்டே வரும். இன்றைக்கு மாற்றிய பழக்கம் இனிமேல் பிறக்கப்போகும் அணுக்களில்தான் முழுதாகத் தெரியும். மூன்று நான்கு மாதமாவது பொறுங்கள்.

பரிசோதனையில் நொதியின் எண் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்று படிப்பதும் தவறுதான். சூப்பராக்சைடு என்ற தீங்கான ஆக்ஸிஜன் வடிவத்தை மாற்றும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற காவல் நொதி வேலை செய்தால் கிடைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுவும் ஆபத்தான பொருள். கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ், பெராக்சிரிடாக்ஸின் ஆகிய மற்ற காவல் நொதிகள் எல்லாம் பின்னாலேயே நின்று அதைத் தண்ணீராக்கினால்தான் அணு தப்பிக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல், அந்த டிஸ்மியூட்டேஸின் மரபணு இருப்பதும் அதில்தான், அதனால் சிவப்பணுவில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும். ஆனாலும் ஆக்ஸிஜனேற்றச் சேதம் அவர்களுக்குக் குறைந்துவிடுவதில்லை. சர்க்கரை நோயிலும் இதே நொதி சில ஆய்வுகளில் ஏறியிருக்கிறது, சிலவற்றில் இறங்கியிருக்கிறது. ஒற்றை எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அப்புறம் மாத்திரை. நொதி என்பது புரதம், சாதாரண மாத்திரையாக விழுங்கினால் குடலில் செரிந்துபோகும், சிவப்பணுவுக்குப் போய்ச் சேராது. வைட்டமின் மாத்திரையாவது தீங்கில்லை என்று நினைப்பவர்கள் பின்லாந்தில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வை அறிந்திருக்க வேண்டும்: புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்தது, பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள்) எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது.

எனக்கு அதிகம் கவலை தருவது ஜி6பிடி (குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ்) என்ற நொதியின் குறைபாடு. இந்த நொதி போதாவிட்டால், சேதத்திலிருந்து சிவப்பணுவைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளைச் சரிவரப் புதுப்பிக்க முடியாது. மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் போன்ற மருந்தோ, சாதாரணத் தொற்றுக் காய்ச்சலோகூட சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும், கண் மஞ்சளாகும். அந்த நேரத்திலேயே பரிசோதனை செய்துவிட்டு "நார்மல்" என்று நிம்மதியாகிவிடுவது பெரிய தவறு. நொதி குறைந்த பழைய அணுக்கள்தான் முதலில் உடைந்திருக்கும், மிஞ்சிய இளம் அணுக்களில் நொதி சற்று அதிகம், முடிவு ஏமாற்றிவிடும். சரி, என்ன செய்வது? சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை குறைபாடு இருப்பதாகவே எண்ணி மருந்து விஷயத்தில் கவனமாக இருங்கள்.