வயதான நீரிழிவுப் பூனையின் ஆய்வக அறிக்கையை வாசிக்கும் முறை

அறிக்கை கைக்கு வந்ததும் நம் கண் முதலில் தேடுவது குளுக்கோஸ் அளவைத்தான். ஆனால் அந்தத் தாளில் தனியாக நின்றால் மிகக் குறைவாக நம்பத்தக்க எண்ணும் அதுவே. கூடையில் அடைபட்டு, அறிமுகமற்ற கைகளில் ஊசி குத்தப்பட்ட பூனைக்கு, நீரிழிவே இல்லாவிட்டாலும், அச்சத்தினால் மட்டுமே டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். எனவே அந்த ஓர் எண்ணைக் கண்டு இன்சுலின் அளவைக் கூட்டிவிடக் கூடாது. (அறிக்கை மில்லிமோலில் இருந்தால் 18ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.)

அதற்கு முன், அச்சிடப்பட்டுள்ள இயல்பு வரம்பு பூனைக்குரியதுதானா என்று பார்க்க வேண்டும். மனிதர்களுக்கான ஆய்வகத்தில் இரத்தம் பரிசோதிக்கப்பட்டிருந்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் பூனைக்கு இயல்பான அளவில் இருந்தாலும் மிகுதி என்று குறிக்கப்பட்டிருக்கும்.

குளுக்கோஸுக்குத் துணையாக வாசிக்க வேண்டியது ஃபிரக்டோசமைன். இரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியை அது காட்டுகிறது. அன்றைய அச்சம் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆயினும் சராசரி நன்றாக இருப்பதாலேயே சர்க்கரை இடையில் அபாயகரமாகத் தாழவில்லை என்று கொள்ள முடியாது. தைராய்டு மிகையாகச் சுரக்கும் பூனையில் புரதங்கள் விரைவாகச் சிதைந்து புதுப்பிக்கப்படுவதால், ஃபிரக்டோசமைன் உண்மைக்கு மாறாகக் குறைந்து காணப்படும்.

ஆகவே வயதான பூனைக்கு டி4 என்ற தைராய்டுப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நன்றாகத் தின்றும் இளைத்துப்போவது, அடிக்கடி நீர் குடிப்பது ஆகிய இரண்டும் நீரிழிவுக்கும் தைராய்டு மிகைக்கும் பொதுவான அறிகுறிகள். சர்க்கரை நோய் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்ட வீட்டில் மற்றது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பிற நோய்கள் டி4 அளவைத் தாழ்த்தும் என்பதால், இயல்பு வரம்பின் மேல்பாதியில் நிற்கும் எண்ணையும் மருத்துவரிடம் சுட்டிக்காட்டுவது நல்லது.

சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் தசையிலிருந்து பிறக்கும் பொருள். முதுகெலும்பு துருத்தும் அளவுக்கு மெலிந்த பூனையில், சிறுநீரகம் பழுதடைந்திருந்தும் அது இயல்பாகவே தெரியக்கூடும். தைராய்டு மிகையோ சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கூட்டி இந்த மறைப்பை இன்னும் தடிமனாக்கிவிடுகிறது. ஐரிஸ் என்ற சர்வதேசக் குழுவின் வகைப்பாட்டில் பூனைக்கு டெசிலிட்டருக்கு 1.6 மில்லிகிராம் கிரியேட்டினினிலேயே சிறுநீரக நோயின் இரண்டாம் நிலை தொடங்குவதால், 'இயல்பு' என்று அச்சிடப்பட்ட 1.9ஐயும் பொருட்படுத்த வேண்டும். தசை இழப்பினால் அவ்வளவாகப் பாதிக்கப்படாத எஸ்டிஎம்ஏ என்ற மற்றொரு சிறுநீரக இரத்தப் பரிசோதனை இங்கே பெரிதும் உதவும். சிறுநீர் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதைக் காட்டும் ஒப்படர்த்தி வழக்கமாக 1.035க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் சர்க்கரை மிகுந்திருக்கும்போது சிறுநீர் தானாகவே நீர்த்துப்போவதால், அது குறைந்திருப்பதை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தைக் குறைகூற முடியாது.

சிறுநீர் அறிக்கையில் கீட்டோன் (சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) என்ற வரிதான் அவசரமானது. கீட்டோன் இருந்து, பூனை உண்ணாமலோ வாந்தி எடுத்தோ சோர்ந்திருந்தால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைச் சோதனை கீட்டோன்களில் ஒரு வகையைத் தவறவிடும் என்பதால், 'இல்லை' என்ற விடை வந்தும் பூனை சோர்ந்திருந்தால் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவுப் பூனைக்குச் சிறுநீர்த் தொற்று வெளி அறிகுறியின்றியும் இருக்கலாம். சிறுநீரிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கல்சர் பரிசோதனைதான் அதை உறுதிசெய்யும்.

ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி சற்றே உயர்ந்திருப்பது நீரிழிவில் வழக்கமானது. பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லக் காத்திருக்க வேண்டாம். இன்சுலின் அவற்றை மேலும் தாழ்த்தும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முந்தைய அறிக்கைகளையும், பூனையின் எடையையும், இரத்தம் எடுத்த நாளில் இன்சுலின் போட்ட நேரத்தையும் உணவளித்த நேரத்தையும் எழுதிக் கொண்டுசெல்லுங்கள். அந்த நேரங்கள் தெரியாவிட்டால், குளுக்கோஸ் வரியிலிருந்து அவரால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.