கிங் கர்டிஸ் வழியில் டெனர் சாக்ஸபோன்: கொத்தல், உறுமல், எட்டு பார்

நம் ஊர்க் காதுகளுக்கு சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத்தின் ஆல்டோ வகைதான். அதில் ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்டிஸ் வாசித்தது டெனர் வகை, ஆல்டோவைவிட நான்கு ஸ்வரம் கீழே. அவர் வழுக்குவதைவிடக் கொத்துவதுதான் அதிகம்.

சி மேஜர் ஸ்கேலைத் தடுமாறாமல் ஏறி இறங்கத் தெரிந்தவர்களுக்கான பாடம் இது. தேவையானவை: டெனர் சாக்ஸபோன், 2 அல்லது 2½ எண் ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய பட்டை), மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி), ட்யூனர் (சுருதி காட்டும் கருவி). கனமான ரீட் வைத்தால் 'தடியான' ஒலி வரும் என்று நம்பி 3½ வாங்கிவிடாதீர்கள். உறுமலுக்குத் தேவையான காற்று முழுவதையும் ரீடை அசைக்கவே செலவழித்துவிடுவீர்கள்.

படி 1: முதலில் கேளுங்கள்

கிங் கர்டிஸ் அமெரிக்காவின் டெக்சஸில் உள்ள ஃபோர்ட் வொர்த்தில் 1934 பிப்ரவரி 7 அன்று பிறந்தவர். 12 வயதில் சாக்ஸபோன் எடுத்தார். கல்லூரி உதவித்தொகையை வேண்டாம் என்று விட்டுவிட்டு ஜாஸ் கலைஞர் லயனல் ஹேம்ப்டனின் குழுவோடு கிளம்பியவர், 1950களில் நியூயார்க்கில் ஸ்டுடியோ வாசிப்பாளராக நிலைத்தார். ஸ்டுடியோ வாசிப்பாளருக்குக் கிடைக்கும் இடம் சில பார்கள்தான் (பார் என்பது இங்கே நான்கு தட்டு கொண்ட தாளச் சுற்று). அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அவர் பாணி முழுக்க இந்த நெருக்கடியில் பிறந்தது என்பது எங்கள் கணிப்பு.

இந்த வரிசையில் கேளுங்கள்: கோஸ்டர்ஸ் பாடிய 'யாகெட்டி யாக்' (1958), அவரே தலைமையேற்ற 'சோல் ட்விஸ்ட்' (1962, ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடம்), அரீதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' (1967). ஒவ்வொன்றிலும் சாக்ஸபோன் எந்த நொடியில் நுழைகிறது, எந்த நொடியில் வெளியேறுகிறது என்று தாளில் குறித்து வையுங்கள்.

படி 2: வாயைச் சரிபாருங்கள்

மவுத்பீஸை (வாயில் வைக்கும் பகுதியை) மட்டும் கழற்றி ஊதி, ட்யூனரைப் பாருங்கள். டெனருக்கு ஜி, அல்லது அதற்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். ஏ, பி என்று மேலே ஏறினால் கீழ்த்தாடையால் கடிக்கிறீர்கள். கடிக்கும் வாயில் உறுமல் வராது, கிறீச்சிடல்தான் வரும்.

படி 3: கொத்தல்

'யாகெட்டி யாக்' பாணியின் உயிர் இது. ஒவ்வொரு நோட்டையும் நாக்கு தொடங்கி வைக்கிறது, முடித்து வைப்பதும் நாக்குதான். சாதாரணமாக 'தா' என்று தொட்டு விடுவோம், ஒலி தானாகத் தேயும். இங்கே 'தத்' என்று சொல்ல வேண்டும். கடைசி 'த்'-இல் நாக்கு மறுபடி ரீடில் போய் நிற்கும். காற்று உள்ளே அழுத்திக்கொண்டே இருக்கும், கதவு மட்டும் சாத்தியிருக்கும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஆங்கிலப் பாடங்களில் 'டூ', 'டட்' என்று போட்டிருப்பார்கள். நம் 'ட'-வுக்கு நாக்கு பின்னால் மடங்கும், ரீடைத் தொடாது. 'த'-வுக்கு நாக்கு பல்லருகே வரும், ரீட் நுனியும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே 'தத்' என்றே பழகுங்கள்.

மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு. எழுதிய ஏ நோட்டில் ஒரு தட்டுக்கு இரண்டு 'தத்', நான்கு பார். பிறகு ஏ, சி, டி மூன்றையும் கலந்து வாசியுங்கள். தடுமாறாமல் வந்தால் 4 எண் கூட்டுங்கள்.

கெடுவது எங்கே? 'டொப்' என்று கட்டை தட்டுவது போல ஒலித்தால் நாக்கின் பரப்பு முழுவதும் ரீடில் படுகிறது. நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள சிறு இடம் மட்டும் பட வேண்டும். ஒவ்வொரு நோட்டுக்கும் தாடை ஆடினால் சுருதி ஆடும். கண்ணாடி முன் நின்று தாடையை மட்டும் கவனியுங்கள்.

படி 4: உறுமல்

ஊதும்போதே தொண்டையில் பாடுவதுதான் உறுமல். இரண்டு அதிர்வுகளும் மோதும் இடத்தில் அந்தக் கரகரப்பு பிறக்கிறது.

முதலில் சாக்ஸபோன் இல்லாமல் வாயைக் குவித்துக் காற்றை ஊதிக்கொண்டே 'ஊ' என்று முனகுங்கள். உள்ளங்கையில் காற்று படும்போதே குரலும் கேட்க வேண்டும். அது வந்த பிறகு கருவியை எடுங்கள். நடு ஜி-யை நான்கு தட்டு நேராக ஊதி, ஐந்தாம் தட்டில் குரலைச் சேருங்கள்.

எல்லோரும் செய்யும் தவறு, ஊதும் அதே ஸ்வரத்தைப் பாடுவது. இரண்டும் ஒன்றிக் கரகரப்பே இருக்காது. பொருந்தாத வேறு ஸ்வரத்தைப் பாடுங்கள். குரல் சேர்ந்ததும் ஒலி அணைந்து போனால் தொண்டை மூடிவிட்டது, காற்றைக் கூட்டுங்கள். கீழ் நோட்டுகளில் இது கடினம், அங்கே பிறகு போகலாம். நாளுக்கு 10 நிமிடம் போதும். தொண்டை எரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

வாசிப்பு முழுக்க உறுமாதீர்கள். சாம்பாரில் பெருங்காயம் போடும் அளவுதான்.

படி 5: எட்டு பார்

'ரெஸ்பெக்ட்' பாட்டில் சாக்ஸபோனின் சோலோ (தனி வாசிப்பு) சரியாக எட்டு பார். பார் ஒன்றுக்கு ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு): எஃப் ஷார்ப் மைனர், பி 7 என்று மாறி மாறி மூன்று முறை, பிறகு எஃப் ஷார்ப் மைனர், கடைசியில் ஜி 7. இது பியானோக் கணக்கு. டெனர் எழுதியதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும், அதனால் டெனருக்கு ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும்: ஜி ஷார்ப் மைனர், சி ஷார்ப் 7, கடைசி பார் ஏ 7.

இத்தனை ஷார்ப்பைப் பார்த்து மிரள வேண்டாம். ஜி ஷார்ப், பி, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப் ஷார்ப் ஆகிய ஐந்து நோட்டுகளே போதும். இரண்டு பார் வாசியுங்கள், அடுத்த பாரில் பாதியைக் காலியாக விடுங்கள். பாடகி மூச்சு வாங்குவது போல அந்த இடைவெளி இருக்க வேண்டும். உறுமல் ஐந்தாம் பாரில் ஒரே ஒரு முறை.

முடிக்க சி ஷார்ப்பைப் பிடியுங்கள், ஏ 7-க்குள்ளும் அது இருக்கிறது. நடு சி ஷார்ப்புக்கு ஒரு சாவியையும் அழுத்துவதில்லை, எல்லா விரல்களும் மேலே. அதனால் பல டெனர்களில் அது சற்றுத் தாழ்ந்து, வெறுமையாக ஒலிக்கும். கடித்து ஏற்றப் பார்க்காமல் காற்றை வேகப்படுத்தி நிமிர்த்துங்கள். 60-இல் தொடங்கி 115 வரை கொண்டுபோனால் பாட்டோடு சேர்ந்து வாசிக்கலாம்.

படி 6: குழுவோடு

'மெம்பிஸ் சோல் ஸ்டூ' (1967) சமையல் குறிப்பு மாதிரி ஒவ்வொரு வாத்தியமாகச் சேரும். பேஸ் முதலில், பிறகு டிரம்ஸ், கிட்டார், ஆர்கன், கடைசியில்தான் ஹார்ன் (ஊதுகருவிகள்). 1971 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்டில் பதிவான வடிவத்தைப் போட்டு, டிரம்ஸ் வாசிக்கும் பெர்னார்ட் பர்டியோடு 'தத்' சொல்லிப் பாருங்கள், சாக்ஸபோன் இல்லாமலே. அந்தக் கச்சேரிக்கு ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, நியூயார்க்கில் தன் கட்டடத்தின் வாசலில் நடந்த தகராறில் கத்திக்குத்து பட்டு கிங் கர்டிஸ் இறந்தார். வயது 37.

அவருடைய 'சோல் செரினேட்' (1964) மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அதில் அவர் வாசித்தது டெனர் அல்ல, சாக்ஸெல்லோ என்ற வளைந்த சோப்ரானோ வகை. டெனரில் அதே ஒலியைத் தேடினால் கிடைக்காது.