இஷெவ்ஸ்குக்குப் புதிதாக வரும் மருத்துவ மாணவர்களுக்கு

ரஷ்ய நகரமான இஷெவ்ஸ்க் என்றால் துப்பாக்கி என்றுதான் வெளியுலகம் நினைக்கிறது. 1807-இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலையும், ஏகே-47 துப்பாக்கியை வடிவமைத்து, இங்கேயே வாழ்ந்து 2013-இல் மறைந்த கலாஷ்னிகோவும் அதற்குக் காரணம். ஆனால் ஊரைப் புரிந்துகொள்ள முதலில் நீர்த்தேக்கத்துக்குப் போங்கள். 1760-இல் தோன்றிய இரும்பாலைக்காக இஷ் ஆற்றை அணை கட்டித் தேக்கினார்கள். அந்தக் கரையிலிருந்துதான் ஊர் வளர்ந்தது. கோபுரம் வைத்த பழைய ஆலைக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது.

வந்த அன்றே பாஸ்போர்ட்டையும் எல்லையில் தந்த குடிவரவு அட்டையையும் விடுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஏழு வேலைநாட்களுக்குள் முகவரிப் பதிவு முடிய வேண்டும். நம்மவர்களுக்குப் பெயர்தான் பெரிய சிக்கல். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட்டின் ரஷ்ய மொழிபெயர்ப்பில் பெயர் எப்படி எழுதப்பட்டதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே எல்லாத் தாள்களிலும் இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். ஓரெழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான். ஆசிரியர்களை அவர்கள் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அழைப்பது இங்கே மரியாதை. தந்தை பெயரைத் தாங்கி நடக்கும் நமக்கு இது எளிதில் பழகிவிடும்.

நம் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சுக்குப் பின் ரஷ்யாவில் செல்லாது. கசங்காத டாலர் நோட்டுகளைக் கொண்டுவந்து, விரைவில் இங்கே ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள்.

குளிருக்கான கோட்டையும் பூட்ஸையும் நம் ஊரில் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். இங்கே விற்பவைதான் இந்தக் குளிரைத் தாங்கும். ஜனவரியில் சில நாட்கள் மைனஸ் 30-க்கும் கீழே போகும். அதைவிட என் கவலை செப்டம்பர் இறுதியைப் பற்றித்தான். ஐந்து நாட்கள் தொடர்ந்து சராசரி வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கட்டடங்களில் வெப்பமூட்டத் தொடங்குவார்கள். அதுவரை அறைக்குள்ளேயே நடுங்குவீர்கள், ஆகவே ஒரு கம்பளியைப் பெட்டியின் மேலாக வையுங்கள். வெப்பம் வந்தபின் உள்ளே வியர்க்கும். அதனால் தடித்த ஒரே உடையைவிட அடுக்கடுக்காக அணிவது நல்லது. கல்லூரிக்குள் நுழைந்ததும் கோட்டை 'கர்தெரோப்' எனப்படும் உடை வைப்பறையில் கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். உறைந்த நீர்த்தேக்கத்தின் மேல் மீன் பிடிப்பவர்களைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் பனிக்கட்டியை நம்பவே கூடாது.

சாப்பாட்டுக்குத் தவிக்க வேண்டாம். கடையில் 'மான்னயா க்ருப்பா' என்று கேளுங்கள், அது நம் ரவைதான், உப்புமா ஆகிவிடும். 'சிச்சிவீத்சா' என்பது மைசூர்ப் பருப்பு வகை. உருண்டை அரிசி தயிர்சாதத்துக்கு அருமையாகக் குழையும், கெஃபிர் எனும் புளித்த பால் மோராக உதவும். இந்த மண்ணின் மக்களான உத்மூர்த்துகளின் 'பெரெபெச்சி', கிண்ணம் போன்ற சிறு அப்பம், கட்டாயம் சுவைக்க வேண்டியது. காளானும் முட்டைக்கோசும் வைத்தவை கிடைக்கும். பெல்மேனி எனும் மாவுக் கொழுக்கட்டைக்குள் பெரும்பாலும் இறைச்சிதான். 'கவ்யாதினா' மாட்டிறைச்சி, 'ஸ்வினீனா' பன்றியிறைச்சி; இந்த இரண்டு சொற்களையும் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

வீட்டுக்குத் தொலைபேசுவதென்றால் இங்கே இரவு எட்டரை மணிக்குள் பேசிவிடுங்கள். அப்போது அங்கே பத்து மணி.