புதுச்சேரிக்கு சைக்கிளில்: காலையில் செய்து மதியம் அனுபவிக்கும் தவறுகள்

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குக் குழுவாக சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்தால் ஒன்று புரியும். விடியற்காலை 4.30 மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பும்போது எல்லோரும் சூரர்கள். மரக்காணம் வருவதற்குள் பாதிப் பேர் நிழலைத் தேடுவார்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான், முடியாத தூரமில்லை. மதியம் படுத்துவது பெரும்பாலும் காலையில் செய்த தப்பு.

முதல் தப்பு வேகம். குளிர்ந்த காற்று, காலி ரோடு, முன்னால் போகிற சைக்கிளின் சிவப்பு விளக்கு. தனியாக மணிக்கு 22-ல் ஓட்டுகிறவர் தன்னை அறியாமல் 28-ல் போய்க்கொண்டிருப்பார். ஒருவர் பின்னால் ஒட்டிப் போகும்போது காற்றை அவர் கிழித்துக் கொடுப்பதால் நம் உழைப்பு நமக்கே தெரியாது. முன்னால் போய்க் காற்றைக் கிழிப்பது முறை வைத்து மாறும்; முட்டுக்காடு தாண்டி நம் முறை வந்து முன்னால் போகும்போதுதான் நெஞ்சு அடைக்கும். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் அது உங்கள் வேகம் இல்லை. முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டிக் காட்டுகிற ஆசையும் வேண்டாம். அதே வேகத்தில் சில நிமிடம் இழுத்துவிட்டு ஒதுங்கினால் போதும்.

அடுத்தது, மாமல்லபுரம் வரை ஒன்றும் சாப்பிடாமல் வந்து அங்கே பொங்கலும் வடையுமாக ஒரு கட்டு கட்டுவது. நெய்ப் பொங்கலைச் சுமந்துகொண்டு பெடல் மிதித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பசி வந்த பிறகு சாப்பிட்டால் தாமதம் என்று அர்த்தம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும், கூடவே கடலை மிட்டாய். ஜெர்சியின் பின் பாக்கெட் இருப்பது இதற்குத்தான். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தப்பு. வியர்வையில் உப்பும் போகிறது, அதனால் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். வழியில் உப்புப் போட்ட மோர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பஞ்சர் விஷயத்தில் நானே அசடு வழிந்திருக்கிறேன். கல்பாக்கம் தாண்டிப் பின்சக்கரம் இறங்கியது. மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில் டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினேன். 3 கிலோமீட்டரில் மறுபடியும் புஸ். டயரின் உள்பக்கம் விரலால் மெல்லத் தடவிப் பார்த்தபோது மயிரிழை கனத்தில் ஒரு கம்பி நெருடியது. வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் கம்பி அது. வெளியே பார்த்தால் தெரியாது, நகத்தால் இழுத்தால் வராது. ஒருவரிடம் இருந்த சிறு குறடால்தான் பிடுங்கினோம். டியூபை மாற்றும் முன் டயரைத் தடவ ஒரு நிமிடம்தான் ஆகும். இல்லாவிட்டால் இரண்டாவது டியூபும் காலி.

கூட்டமாகப் போகும்போது மிக ஆபத்தானது, உங்கள் முன்சக்கரத்தை முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைத்து ஓட்டுவது. அவர் ஒரு குழியைத் தவிர்க்க லேசாக விலகினாலும் சக்கரங்கள் உரசும். பெரும்பாலும் விழுவது பின்னால் வருகிறவர்தான். மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே இந்த ஆபத்து கூடும். மரம் கிடையாது, காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம். மதியம் கடல்காற்று இடது முன்பக்கமிருந்து அடித்தால், முன்னால் போகிறவரின் மறைவு அவருக்கு வலது பின்பக்கம்தான் கிடைக்கும். அந்த மறைவைத் தேடி ஒவ்வொருவரும் வலப்பக்கம் நகர நகர, கடைசி ஆள் பஸ் போகும் தடத்தில் இருப்பார்! அங்கே சுகத்தை மறந்துவிட்டு ஒற்றை வரிசையில், நாலைந்து பேர் கொண்ட சின்னக் கூட்டங்களாகப் பிரிந்து போவதே சரி. குழியைக் கையால் காட்டி வாயாலும் கத்துங்கள், வெட்கப்படாதீர்கள்.

புது சீட், புது ஷூ, முதல் நாள் இரவு மாற்றிய சீட் உயரம், இவை எதுவும் அன்றைக்கு வேண்டாம். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடுவதும் அப்படித்தான். தையல் உரசித் தோல் வழண்டுவிடும்.

அப்புறம், கடைசி ஆள். குழுவில் தெம்பான ஒருவர் முழுநேரமும் பின்னால் வர வேண்டும், பம்பும் டியூபும் அவரிடம் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் இரண்டுமே முதலில் பறக்கிறவர் பையில் இருந்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் முன் தலைகளை எண்ணுங்கள். ஒருமுறை டீக்கடையில் எண்ணாமல் கிளம்பிய 12 பேர் குழு, 8 கிலோமீட்டர் போன பிறகுதான் 11 என்று கண்டுபிடித்தது. பன்னிரண்டாவது ஆள் கடைக்குப் பின்னால் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய போன் இன்னொருவர் பையில்.