பழைய வேனில் கண்ணாடி ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் துரு

போன வாரம் ஒரு தம்பி தன்னுடைய பழைய மெட்டாடர் வேனைக் காட்ட வந்தார். புது பெயின்ட், பளபளவென்று இருந்தது. முன்கண்ணாடியின் ரப்பர் ஓரத்தில் பெயின்ட் படிந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தரை ஓட்டை, ஆயில் ஒழுகல் எல்லாம் எவர் கண்ணிலும் படும். கண்ணாடி ரப்பருக்குள் இருக்கும் துரு படாது. அதில் செய்யக்கூடாத தவறுகள் இவை.

கண்ணாடியைக் கழற்றாமல் பெயின்ட் அடிப்பது

பதினைந்து வருடம் முன்பு நானும் இதையேதான் செய்தேன். "கழற்றினா உடைஞ்சிடும், டேப் ஒட்டி அடிச்சிடலாம்" என்றார் பட்டறைக்காரர். சரி என்றேன். சித்திரையில் அடித்த பெயின்ட், கார்த்திகையில் கண்ணாடியின் கீழ் மூலையில் மிளகளவு கொப்புளித்தது. நகத்தால் கீறினேன், பழுப்பாகத் தண்ணீர் கசிந்தது. ரப்பரை அறுத்துப் பார்த்தால் ஒரு முழ நீளத்துக்கு விளிம்பு அப்பளமாக நொறுங்கியது. டிங்கரிங், பெயின்ட் இரண்டுக்கும் மறுபடி முழுப் பணம். இன்றைக்கும் ஆறவில்லை.

ரப்பர் கவ்வியிருக்கும் அந்த விளிம்பு ஒற்றைத் தகடு இல்லை. உள்தகட்டையும் வெளித்தகட்டையும் சேர்த்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தது (ஸ்பாட் வெல்டிங்). இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். அதற்குள் பெயின்ட் போகாது, தண்ணீர் போகும். ரப்பர் இறுகி வெடித்துவிட்டால் மழைத்தண்ணீர் கீழ் மூலையில் தேங்கிக் காயாமலே கிடக்கும். துருவானது, அரித்துப்போன இரும்பைப்போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் பிடிக்கும், தகடுகளை நெம்பிப் பிரிக்கும். ரப்பர் ஓரிடத்தில் மட்டும் புடைத்திருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கண்ணாடி உடைவது ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதால். கத்தியால் ரப்பரின் வெளி உதட்டைச் சுற்றிலும் அறுத்துவிட்டு, உள்ளிருந்து ஒருவர் மெதுவாகத் தள்ள, வெளியே ஒருவர் தாங்கினால் முழுசாக வரும். ரப்பர் போனால் போகட்டும், வேறு வாங்கலாம். பழைய வண்டிக்குக் கண்ணாடி தேடி அலைவது பெரும்பாடு.

சிலிக்கான் பூசுவது

தண்ணீர் கசிகிறதென்று ரப்பர் ஓரத்தில் சிலிக்கான் பசை பூச வேண்டாம். காடி வாடை அடிக்கும் ரகம் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அது வெறும் இரும்பை அரிக்கும். வெளி ஓரத்தை அடைத்துவிட்டால் உள்ளே போன தண்ணீருக்கும் வழியில்லை. சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது.

பட்டியை நம்புவது

பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பசை, பெயின்ட் அடித்துவிட்டால் தகடு போலவே தெரியும். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கும், அல்லது அடியில் தகடே இருக்காது.

கண்ணாடியை வைத்துப் பார்க்காமல் வெல்டிங்கை முடிப்பது

துரு தின்ற விளிம்பை வெட்டிவிட்டு வைக்கும் புதுத் தகட்டை முதலில் அங்கங்கே ஒரு பொட்டு மட்டும் பற்றவையுங்கள். ரப்பரோடு கண்ணாடியைப் பொருத்திப் பாருங்கள், பிறகு அவற்றை எடுத்துவிட்டு முழுசாகப் பற்றவையுங்கள். விளிம்பு கொஞ்சம் முறுக்கினாலும் மேடு பள்ளத்தில் ஓட்டும்போது கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

தம்பியை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து நேற்று ரப்பரை அறுத்தோம். இடது மூலையில் மேல்துரு மட்டும், தேய்த்து பிரைமர் அடித்தால் போதும். வலது மூலையில் குத்தூசியால் குத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது.