கதையை யார் கண்ணால் பார்க்கிறோம்? புதிய வாசகர்களுக்கு ஒரு பயிற்சி

மேட்டூர் அணை திறந்து சில நாளில் திருவையாற்றுக்காரர் "ஆத்துல தண்ணி போகுது" என்பார். அதே நாளில் தலைஞாயிற்றில் கடைமடை விவசாயி "இன்னும் வரலை" என்பார். தண்ணீர் ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு. கதையில் நோக்குநிலை என்பதும் இதுதான். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கோட்பாடெல்லாம் வேண்டாம். ஒரு பென்சில் போதும்.

முதல் படி: சிறுகதை ஒன்றை எடுங்கள். நாவல் இப்போது வேண்டாம். கும்பகோணத்துக்காரரான கு.ப.ராஜகோபாலன் (1902–1944) எழுதிய 'விடியுமா?' என் பரிந்துரை. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்திலேயே படிக்கலாம். முதல் தடவை கதைக்காக மட்டும் படியுங்கள்.

இரண்டாம் படி: மறுபடி படிக்கும்போது ஒவ்வொரு பத்தியிலும் "இது யாருக்குத் தெரியும்?" என்று கேளுங்கள். கணவர் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. குஞ்சம்மாளும் அவள் தம்பியும் இரவு ரயிலில் கிளம்புகிறார்கள். தவிப்பு அவளுடையது, ஆனால் கதையைச் சொல்லும் 'நான்' தம்பி. அக்காவின் மனதுக்குள் அவனால் நுழைய முடியாது. அவள் முகம், பேச்சு, மௌனம் இவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்கும். அவன் கண்ணால் கண்டதற்கு ஒரு கோடு, ஊகித்ததற்கு இரண்டு கோடு போடுங்கள். இந்தக் கதை நம்மை இப்படிப் பிடித்துக்கொள்வது அந்த இரண்டு வகைக் கோடுகளுக்கும் நடுவே என்றுதான் நான் நினைக்கிறேன்.

மூன்றாம் படி: இதில் அவசரப்படாதீர்கள். 'நான்' என்று யாரும் சொல்லாத கதைகளிலும் பார்ப்பவர் ஒருவர் ஒளிந்திருப்பார். அவரைக் காட்டிக்கொடுக்கத் தமிழில் நல்ல தடயங்கள் உண்டு.

"காமாட்சி கொல்லைக் கதவைத் திறந்தாள்" என்றால் யாரோ தள்ளி நின்று பார்க்கிறார்கள். "அம்மா கொல்லைக் கதவைத் திறந்தாள்" என்று எழுதியதும் நாம் பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறோம். உறவுச்சொல் ஒன்று மாறினால் போதும். அடுத்து, 'வா', 'போ'. "அவன் உள்ளே வந்தான்" என்றால் நாம் அறைக்குள் இருக்கிறோம். "உள்ளே போனான்" என்றால் திண்ணையிலேயே இருக்கிறோம். அப்புறம் வினையின் வால். ஒரே பெரியவரைக் கதை ஓரிடத்தில் 'வந்தார்' என்றும் இன்னோரிடத்தில் 'வந்தான்' என்றும் சொன்னால் அதை உடனே எழுத்துப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். பார்க்கும் ஆள் மாறியிருக்கலாம், அல்லது பார்ப்பவர் மனதில் அந்தப் பெரியவர் மேல் இருந்த மரியாதை போயிருக்கலாம். பல வருஷம் நான் இதைக் கவனிக்காமல் கதைக்காகவே ஓடி ஓடிப் படித்தேன். கவனிக்க ஆரம்பித்த பிறகு பழைய புத்தகங்களை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

நான்காம் படி: 'விடியுமா?'வில் ஒரு பக்கத்தைக் குஞ்சம்மாளே 'நான்' என்று சொல்வதாக மாற்றி எழுதுங்கள். 'பார்த்தாள்' என்பதைப் 'பார்த்தேன்' என்று ஆக்கினால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. தன் முகம் எப்படி இருந்தது என்று அவளால் சொல்ல முடியாது. தம்பி ஊகித்த இடங்களில் அவளுக்கு உண்மை தெரியும். அதை அவள் சொல்வாளா, மறைப்பாளா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். திணறுவீர்கள். திணறும் இடத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

பிறகு நாவலுக்குப் போகலாம். தி.ஜானகிராமனின் 'மரப்பசு'வில் அம்மணி என்ற பெண்ணே கதையைச் சொல்கிறாள், எழுதியவர் ஆண். அவள் குரலை எங்கே முழுதாக நம்புகிறீர்கள், எங்கே தயங்குகிறீர்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள்.

கடைசியாக, சொந்தமாக ஐந்து வரி. வாய்க்காலில் தண்ணீர் வரும் நாள். ஷட்டர் திறப்பவர் ஒருவர், கடைமடையில் நாற்றங்காலோடு காத்திருப்பவர் ஒருவர். இருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 'தண்ணீர்' என்ற சொல் ஒவ்வொருவருக்கும் எத்தனையாவது வரியில் வருகிறது என்று பாருங்கள்.