மேடை பயம்: மனப்பாடம் முதல் மாத்திரை வரை சில தவறுகள்

நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசுகிறவர்கூட மைக் கைக்கு வந்ததும் திணறிப்போவார். அவருக்குப் பேச வராது என்பதில்லை. பயத்தைச் சமாளிக்க அவர் செய்கிற காரியங்களே பயத்தைக் கூட்டிவிடுகின்றன.

அதில் பெரியது மனப்பாடம். பள்ளிப் பேச்சுப் போட்டியில் தொடங்குகிற பழக்கம் இது. ஆசிரியர் எழுதித் தருவார், பிள்ளை வரி பிசகாமல் ஒப்பிக்கும். வளர்ந்த பிறகும் அப்படியே தயாராகிறோம். ஒரு சொல் மறந்தால் அடுத்த வரி வராது. அந்த நொடியில்தான் தொண்டை அடைக்கிறது. போதாததற்கு, எழுதி வைத்திருப்பது நாம் அன்றாடம் பேசாத தமிழ். 'அலைகடலெனத் திரண்டிருக்கும்' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. வாய்க்குப் பழகாத நடையை, படபடப்போடு, நினைவிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் யாருக்குமே கஷ்டம்தான். தொடக்கத்தில் இரண்டு வாக்கியம், முடிவில் ஒன்று, இவற்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நடுவில் சொல்ல வேண்டியதை ஐந்தாறு சொற்களாக ஒரு கெட்டி அட்டையில் குறித்துக்கொண்டால் போதும். மெல்லிய தாள் வேண்டாம், கை நடுங்கினால் அது படபடவென்று ஆடி நடுக்கத்தைப் பெரிதாகக் காட்டும்.

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதை ஒத்திகை என்று நினைப்பதும் தவறு. எழுந்து நின்று, வாய்விட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாக்கியங்களில் பேசிப் பாருங்கள். ஒரு வழி மறந்தாலும் இன்னொரு வழி கைகொடுக்கும்.

அடுத்தது, பயமே இருக்கக் கூடாது என்று அடம்பிடிப்பது. அத்தனை கண்கள் நம்மைப் பார்க்கும்போது உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. 'அமைதியாக இரு' என்று அதட்டினால் அடங்காது. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் முன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களின் பேச்சு கூடுதல் நம்பிக்கையோடு இருந்ததாக மதிப்பிடப்பட்டது. படபடப்பை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் கொடுப்பது எளிது. மூச்சுப் பயிற்சியிலும் ஒரு கவனம் வேண்டும்: அவசர அவசரமாக ஆழ்ந்து இழுத்தால் தலை சுற்றும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்.

"எனக்கு அவ்வளவாகப் பேச வராது, தவறு இருந்தால் மன்னிக்கவும்" என்று தொடங்காதீர்கள். உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வது மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. நமக்குத் தெரிகிற நடுக்கத்தில் கொஞ்சம்தான் எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறது. மன்னிப்புக் கேட்டால், அதுவரை கவனிக்காதவரும் கவனிக்கத் தொடங்குவார்.

இந்த இடத்தில் காந்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லண்டனில் படித்தபோது எழுதிவைத்த உரையைக்கூட அவரால் வாசிக்க முடியவில்லை, வேறொருவர் வாசித்தார். மும்பையில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், கேள்வி எதுவும் வராமல் உட்கார்ந்துவிட்டார். அதே மனிதர் 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் முன் வியாபாரத்தில் நேர்மை பற்றிப் பேசினார். அதுவே தன் முதல் பொதுப் பேச்சு என்று எழுதியிருக்கிறார். அன்று அவரிடம் தயாரிப்பு இருந்தது, அந்த மக்களிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயமும் இருந்தது. 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற எண்ணத்தை விஷயத்தின் பக்கம் திருப்புவது, மற்ற எல்லா உத்தியையும்விட முக்கியம் என்று நான் நம்புகிறேன்.

சரி, இதெல்லாம் வேண்டாம், ஒதுங்கிவிடலாம் என்றால்? ஒவ்வொரு முறை நழுவும்போதும் கிடைக்கிற நிம்மதிதான் அடுத்த முறை பயத்தை வளர்க்கிறது. நன்றியுரை, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி என்று இரண்டு நிமிட வாய்ப்புகளை விடாதீர்கள்.

அப்புறம், மாத்திரை. நடுக்கத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு புரோப்ரனலால் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். பயத்தால் வேலையோ படிப்போ தடைபடுகிற அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது.